பத்திரிகையில் வந்த முதுகு

பெரியகுளத்து மாந்தோப்புகளில் காய் பறிப்பவர் பலவேசம். நாற்பது வயதிலும் உச்சிக்கிளை வரை விறுவிறுவென்று ஏறுவார். 1974 கோடையில் ஒருநாள் ஜேசுராஜ் அவரைத் தோப்பில் பார்த்தான். தேனி ஜவுளிக்கடைக்காரர் மகன். சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒங்க முதுக வரையணும். பத்து நாள் வந்து நின்னாப் போதும்."

காய் பறிக்கிறவன் முதுகில் என்ன இருக்கிறது என்று பலவேசத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் போனார். ஜவுளிக் கிடங்கின் ஜன்னலோரம் கோவணத்தோடு சுவரைப் பார்த்து நின்றார். கால் மரத்துப்போனால் ஜேசுராஜே ஓடிவந்து நாற்காலி போடுவான். அப்படி அவரை யாரும் நடத்தியதில்லை.

சென்னைக்குப் போனதும் அவன் அந்தப் படத்தைக் கல்லில் வரைந்து, மை தடவி, தாளில் அச்சு எடுத்தான். மார்கழியில் அது ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. அடியில் 'பலவேசம், பெரியகுளம்' என்று பெயர். இடுப்பில் துணியே இல்லை.

டீக்கடையில் அதை விரித்துவைத்துச் சிரித்தார்கள். மகள் பூமாரிக்கு அனுமந்தன்பட்டியில் நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மலைச்சாமி கல்யாணத்தை நிறுத்திவைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பலவேசம் தேனிக்குப் போனார். பொங்கலுக்கு வந்திருந்த ஜேசுராஜ் வீட்டில் இருந்தான்.

"கோவணத்தோடதான தம்பி நின்னேன்? அத எங்க?"

"படத்துக்கு அது வேணாம்னு தோணுச்சுண்ணே. ஒங்கள மதிச்சுத்தான் பேரப் போட்டேன்."

"அழிச்சிரு தம்பி."

"கல்ல அப்பவே தேச்சு அழிச்சாச்சு. எடுத்த இருவதுல மத்ததெல்லாம் எங்கெங்கயோ போயிருச்சு. ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு."

அவன் கண் கலங்கியது. "நானே வந்து அவுககிட்டப் பேசுறேண்ணே" என்றான்.

மறுநாள் இருவரும் அனுமந்தன்பட்டிக்குப் போனார்கள். அது நான் இல்லை, அதே பேரில் வேறு யாரோ என்று சொல்லிவிடலாம் என பஸ்ஸில் பலவேசம் நினைத்துக்கொண்டார். ஆனால் ஜேசுராஜ் கையோடு கொண்டுவந்திருந்த படத்தை மலைச்சாமி முன்னால் விரித்தான். தோளுக்குக் கீழே, கிளை முறிந்து விழுந்தபோது கிழித்த தழும்புகூட அப்படியே இருந்தது.

"இதுல அசிங்கம் எதுவும் இல்லய்யா. ஒரு உழைப்பாளியோட ஒடம்பு" என்றான் ஜேசுராஜ்.

உள்ளே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பத்திரிகையில பாத்தது பத்தாதுன்னு வீட்டுக்கே கொண்டாந்துட்டீகளா?" என்று எழுந்தார் மலைச்சாமி. "கெளம்புங்க."

ஜேசுராஜ் படத்தைச் சுருட்டினான். பலவேசம் அவனோடு வெளியே வந்தார். அவனைத் திட்டவும் முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒருவருக்குப் பூமாரியைக் கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்தார்கள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அப்பாவிடம் பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டாள்.

பலவேசம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் மரம் ஏறினார். அது கிளைக்குக் கிளை மாட்டியது; வேலை பாதியாகக் குறைந்தது. "கழத்திட்டு ஏறுமய்யா" என்று குத்தகைக்காரர் பலமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அவரைக் கீழே உட்காரவைத்து, அடிபட்ட காய்களைப் பொறுக்கிப் பிரிக்கச் சொன்னார்.