குமுதாவுக்கு ஒரு காப்பி போதுமாம்

அரிசி மில் முதலாளியின் மகனுக்கு மார்க் ஷீட் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

உத்திரமேரூருக்கு இன்னும் ஜெராக்ஸ் மெஷின் வரவில்லை. கல்லூரிக்கு அப்ளிகேஷன் போடுகிறவர்கள் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மார்க் ஷீட்டை அப்படியே அடித்து வாங்கி, அரசாங்க கெசட்டட் ஆபீசர் ஒருவரிடம் கையெழுத்தும் சீலும் வாங்க வேண்டும். அதுதான் ட்ரூ காப்பி. ஒரு கல்லூரிக்கு ஒன்று. பி.ஏ. முடித்துவிட்டு இங்கே இன்ஸ்ட்ரக்டராக இருக்கும் நான், ரிசல்ட் வந்தால் நாள் முழுக்க இதைத்தான் அடிப்பேன்.

மில்காரர் மகன் எட்டு கேட்டான். தட்டுத்தடுமாறித் தேறியவன். அவனுக்குப் பின்னால் நின்ற குமுதா ஒன்றே ஒன்று கேட்டாள். திருப்புலிவனத்திலிருந்து டைப் படிக்க வருகிறவள். பிளஸ் டூ உயிரியலில் பள்ளிக்கே முதல் மார்க்.

"ஏண்டி ஒண்ணு?"

"ஒண்ணுக்கு மேல போட்டா எல்லாத்தயும் கேன்சல் பண்ணிடுவாங்களாம்க்கா. ஸ்கூல் எச்செம் சொன்னாரு. டீச்சர் ட்ரெயினிங்குக்கு மட்டும் போடுன்னாரு."

"உனக்கு இன்னா படிக்க ஆசை?"

"அக்ரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு கேட்டவனுக்கு இல்லாத கேன்சல் இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? இன்ஸ்டிட்யூட்டில் இருந்த கல்லூரி ப்ராஸ்பெக்டஸ்களை எடுத்துப் போட்டு இருவரும் வரிவரியாகப் படித்தோம். அப்படி ஒரு விதியே இல்லை. அப்போதுதான் அந்த யோசனை: ஏன் நான்கு போடக்கூடாது? அங்கேயே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். முதலில் கோயம்புத்தூர், அவள் ஆசைப்பட்ட விவசாயப் படிப்பு. அடுத்து சென்னையில் ஹாஸ்டல் உள்ள பெண்கள் கல்லூரி. மூன்றாவது செங்கல்பட்டு, பஸ்ஸில் போய் வரலாம். கடைசியில் டீச்சர் ட்ரெயினிங்.

மாலையில் அவளை அழைத்துப்போக அப்பா முனுசாமி வந்தார். அந்த மில்காரரின் மாடுகளைப் பார்த்துக்கொள்பவர்.

"நாத்து நடறதுக்கு கோயம்புத்தூரு போவணுமா? இங்கயே நட்டுக்கினுதான கீறோம்?"

"நடறதுக்கு இல்ல நைனா. எத்த நடணும்னு சொல்றதுக்கு."

அவர் சிரித்துவிட்டார். நான் கார்பன் வைத்து நான்கு அடித்தேன்.

மறுநாள் குமுதாவுடன் அவள் பள்ளி ஹெட்மாஸ்டரிடம் போனேன்; அவரும் கெசட்டட் ஆபீசர்தான். மேலே இருந்ததில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் தள்ளினார்.

"ஒண்ணு போதும்மா."

"மில்காரர் பையனுக்கு எட்டு போட்டீங்களே சார்?"

"அவங்கப்பன் பீஸ் கட்டுவான். எங்க எடம் கெடச்சாலும் போவான். இது எங்க போவும்? நாலு மாசத்துல அழுதுகினு வந்து நிக்கும். நீ டைப் அடிக்கிற வேலய பாரு."

இது என்றார், எதிரில் நிற்கும் பெண்ணை. அவள் தலைகுனியவில்லை. தள்ளிவிட்ட மூன்றையும் பொறுக்கி அடுக்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "இந்த ஒண்ண எதுக்குக்கா போடறது? கோயம்புத்தூருக்கே போட்டுடலாமா? கெடைக்கலன்னா?"

கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். ஒரே காகிதத்தை வைத்து அவள் வாழ்க்கையைச் சூதாட எனக்குத் துணிவில்லை. ஹெட்மாஸ்டர் சொன்னது போல அதை டீச்சர் ட்ரெயினிங்குக்கு அனுப்பவும் மனமில்லை.

மாட்டாஸ்பத்திரிப் பக்கம் முனுசாமி ஒரு காளையோடு வந்தார். நடந்ததைச் சொன்னோம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"இன்னாமா இது பேஜாரு. ஏன், மாட்டு டாக்டரு கெவர்மெண்ட் ஆபீசர் இல்லியா? செத்த லோன் மாட்டுக்கு அவுரு சீல் குத்திக் குடுத்தா பேங்க்காரனே ஒத்துக்கறான். எம் பொண்ணு உசுரோடதான கீது?"

உள்ளே போய் விசாரித்தேன். கெசட்டட்தான். ஆனால் டாக்டர் கேம்ப் போயிருந்தார். நாளைக்குத்தான் வருவார்.

டைப் படிக்க வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவர் விதி என்று சொன்னால், அது எங்கே அச்சாகியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். மார்க் வாங்கியது நீங்கள். எத்தனை கதவைத் தட்டுவது என்பதை இன்னொருவர் முடிவு செய்ய விடாதீர்கள்.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். காலையில் ஊசி போட மாடுகள் வந்து நிற்பதற்கு முன்னால் நாங்கள் மூவரும் டாக்டர் அறை வாசலில் நிற்போம். அவரும் ஒன்று போதும் என்றால், அப்படியே காஞ்சிபுரம் பஸ் ஏறுவோம். அங்கே ஆபீசர்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று கையெழுத்து வாங்காமல் திரும்புவதாக இல்லை.