கத்தினாலும் கேட்காத காது

குக்கர் விசில் அடித்துவிட்டது என்பதைச் சிறு வயதில் நான் மூக்கால்தான் தெரிந்துகொண்டேன். அடிபிடித்த சோற்றின் கருகல் வாசனை கூடம் வரைக்கும் வரும். அதற்குப் பின்னாலேயே அம்மா கொல்லையிலிருந்து ஓடி வருவாள். "மூணு விசில் வந்ததும் இறக்கி வைடின்னுட்டுத்தானே போனேன்? ஊருக்கே கேட்டுச்சு, உனக்குக் கேட்கலையா?" கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பதில் செல்லாது.

செல்லாமல் போனதற்குக் காரணம் அப்பாவின் டீசல் என்ஜின். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் வந்து சேராத குறுவை நாட்களில், இரண்டு வயல் தள்ளி அந்த என்ஜின் 'டப டப' என்று இறைத்துக்கொண்டிருக்கும். அது திணறி நின்றால், உள்ளே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் நான்தான் எல்லோருக்கும் முந்தி, "என்ஜின் நின்னுடுச்சு" என்பேன். இப்படிப் பாம்புக் காது வைத்திருக்கிற பெண்ணுக்கு, பத்தடியில் நின்று கூப்பிடுகிற அம்மாவின் குரல் கேட்காதா? அதற்கு வீட்டில் வைத்த பெயர் 'திமிர்'.

என்ஜினைவிடப் பெரிய சாட்சி அப்பாவேதான். அவருக்குக் கட்டைக் குரல், பேசுவதும் வாய்க்குள்ளேயே. அது எனக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்கும். அம்மாவுக்கோ கீச்சுக் குரல், கோபம் வந்தால் இன்னும் மேலே ஏறும். ஏற ஏற எனக்கு அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். "நான் முணுமுணுத்தாலே திரும்புறா. நீ கத்துனா கேட்காதாம். பெத்தவள்னா அவ்வளவு இளக்காரம்" என்பார் அப்பா. அவர் கை நீட்ட மாட்டார். அம்மாவை மதிக்கவில்லை என்று என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார், நாள் கணக்கில். எனக்கு ஒழுங்காகக் கேட்ட ஒரே குரலும் அப்படி மூடிக்கொள்ளும்போது அழுகையைவிட ஆத்திரம்தான் பொங்கிக்கொண்டு வரும். பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது?

ஒருமுறை அம்மாவுக்கே சந்தேகம் வந்தது. "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுவோங்க" என்றாள். அப்பா எனக்குப் பின்னால் வந்து, நெல் அவிக்கிற பெரிய அண்டாவை ஓங்கித் தட்டினார். நான் துள்ளித் திரும்பினேன். "பாத்தியா?" என்றார். என் வழக்கு அத்தோடு தள்ளுபடி ஆனது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இந்தப் பாடமே இருந்தது. சத்தம் பெரிதா சிறிதா என்பது உரப்பு. ஒரு நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது அதிர்வெண், குரல் கட்டையா கீச்சா என்பது அதைப் பொறுத்தது. ஒன்றைக் கூட்டினால் மற்றது கூடிவிடாது. டீச்சர் நடத்தியதில் பாதி காதில் விழாததால் புத்தகத்தைப் பார்த்து உருப்போட்டு முழு மதிப்பெண் வாங்கினேன். அதே டீச்சர்தான், கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லை என்று என்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். நடத்திய அவருக்கும் பொறி தட்டவில்லை, உருப்போட்ட எனக்கும் தட்டவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வேலைக்குப் போன பிறகு தஞ்சாவூரில் காதைப் பரிசோதிக்கப் போனேன், அப்பாவையும் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு. பரிசோதித்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "கட்டைச் சத்தமெல்லாம் இவங்களுக்கு நல்லாவே கேட்குதுங்க ஐயா. கீச்சுச் சத்தம்தான் விழலை. பொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருந்திருக்கும். கத்துறதால பிரயோஜனமே இல்லைங்க." அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கம்போல் வாய்க்குள்ளேயே சொன்னார்: "அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அண்டாவைத் தட்டுனப்ப திரும்புனியே பாப்பா?"

அண்டா எழுப்பியதும் கட்டைச் சத்தம்தானே. நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது காதில் கருவி இருக்கிறது. அதைப் பார்த்ததுமே அலுவலகத்தில் ஆளாளுக்குக் குரலை உயர்த்துகிறார்கள். "கத்தாதீங்க, நிதானமா சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஊரில் டீசல் என்ஜின் போய்க் கரண்டு மோட்டார் வந்துவிட்டது. வரப்பில் நின்றால் சில்வண்டு கேட்கிறது. அம்மா என்ன சொல்லித் திட்டுகிறாள் என்பதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. அப்பா போன தை மாதம் போய்விட்டார். எந்தக் கருவியும் இல்லாமல் எனக்கு முழுதாகக் கேட்ட குரல் அவருடையது ஒன்றுதான். நீ பொய் சொல்லவில்லை என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். வாய்க்குள்ளேயே சொல்லியிருந்தாலும் போதும், எனக்குக் கேட்டிருக்கும்.