ஆரோக்கியசாமி, பி. என்று அச்சான பிலோமினா அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சக்குப்பத்தில் மீன் வாங்க நின்றிருந்தபோது பிலோமினா அக்காவின் தம்பி சேவியர் போனில் அழைத்தார். "கலா மேடம், அக்கா விடியக்காலம் போயிட்டாங்க. சாயங்காலம் கோயில்ல பூசை வச்சி எடுக்குறோம். ஒங்க காலேஜ்காரங்களுக்கும் சொல்லிடுங்க" என்றார். அவர்களில் யாருக்குச் சொல்வது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனை வைத்துவிட்டேன். மீன் வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

முனைவர் ஆ. பிலோமினா அவர்களை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தவர். தந்தை ஆரோக்கியசாமி சர்க்கரை ஆலைத் தொழிலாளி. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அக்காதான். நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள கொல்லைகளில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெட்டினாலும் மேஸ்திரியின் கூலிக் கணக்கில் அது புருஷன் வெட்டிய கரும்புதான் என்பதை, அந்தப் பெண்களோடு வெயிலில் நின்று பார்த்து எழுதியவர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் பொருளாதாரத் துறையில் அவரும் நானும் கௌரவ விரிவுரையாளர்களாக ஒரே அறையில் பல வருடம் உட்கார்ந்திருந்தோம்.

இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. என் முதல் கட்டுரையை ஆசையாகக் காட்டினேன். கடைசிப் பக்கத்துக்குப் போய் நூற்பட்டியலைப் பார்த்தார். "இது என்னா ரெபரன்ஸா, கல்யாணப் பத்திரிகையா? தெரிஞ்சவங்க பேரெல்லாம் போட்டு வச்சிருக்க. இதுல எத்தினி படிச்ச?" என்றார். பாதி என்றேன். "படிச்சத மட்டும் வை. ஒருத்தர் சொன்னத எடுத்துக்கிட்டா யாரு சொன்னாங்கன்னு சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் பட்டியலு. அழகுக்கு இல்ல."

இந்தக் கறார்தான் அவருக்கு வினையாக வந்தது. ஒரு ஆய்விதழ் ஆண்டைப் பெயருக்குப் பக்கத்தில் கேட்கும். இன்னொன்று கடைசியில் கேட்கும். ஒன்று இதழின் பெயரைச் சாய்வெழுத்தில் கேட்கும். மற்றொன்று சுருக்கிப் போடச் சொல்லும். ஓரிடத்தில் திரும்பி வந்த கட்டுரையை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டுமானால் மொத்தப் பட்டியலையும் மாற்றி அடுக்க வேண்டும். எங்கள் துறையில் அதை யாரும் செய்யவில்லை. "பிலோமினாகிட்ட குடுங்க" என்பார்கள். விடைத்தாள் திருத்துவதற்கு நடுவே அக்கா சரிசெய்து கொடுப்பார். அந்தக் கட்டுரைகளின் நன்றியுரைகளில் மனைவி மக்கள் பெயரெல்லாம் இருக்கும். அவர் பெயர் ஒன்றில்கூட நான் பார்த்ததில்லை.

அவருடைய சொந்தக் கட்டுரைக்கு நேர்ந்தது வேறு. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. இணையப் படிவத்தில் குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? முதலெழுத்தை விரித்துத் தந்தை பெயரைப் போட்டார். கட்டுரை 'ஆரோக்கியசாமி, பி.' என்று அச்சாகி வந்தது. பிலோமினா ஓர் எழுத்தாகச் சுருங்கி, அதன் பின்னால் ஒரு புள்ளி. மாற்றச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதினார். கட்டுரையாசிரியரே கொடுத்த பெயர்தான் அது, வெளிவந்த பிறகு திருத்த வழியில்லை என்று பதில் வந்தது.

பிறகு நிரந்தரப் பணிக்கான நேர்காணல் வந்தது. அங்கு நடந்ததை மறுநாள் கேண்டீனில் அக்காவே சொன்னார்.

"'இந்தக் கட்டுரையில ஆரோக்கியசாமின்னுல்ல போட்டிருக்கு, அவுரு யாரு?'ன்னாங்க. எங்கப்பா சார், அந்தப் பின்னால இருக்கிற 'பி'தான் நானுன்னேன். 'அப்ப அப்பா எழுதினதா?'ன்னு ஒருத்தரு கேக்குறாரு. அப்பா எட்டாவது வரைக்கும்தான் படிச்சாரு சார்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

சொல்லும்போது அவரும் சிரித்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப் பாத்து சிரிச்சிருந்தா பரவால்ல கலா. அப்பாவப் பாத்து சிரிச்சிட்டாங்க" என்றார். அந்தக் கட்டுரையை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்து நடந்ததற்கு நானே சாட்சி. எங்கள் துறைத்தலைவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பெயர் போதுமான இடங்களில் அச்சாகியிருக்கிறது. தம் கட்டுரையின் நூற்பட்டியலைச் சரிசெய்ய வழக்கம்போல அக்காவிடம் கொடுத்திருந்தார். சரிபார்த்துக்கொண்டே வந்த அக்கா ஓரிடத்தில் நின்றார். 'ஆரோக்கியசாமி, பி.' உள்ளே புரட்டினால், அக்கா கொல்லை கொல்லையாக நடந்து கண்டறிந்ததைப் பக்கக் கணக்கில் துறைத்தலைவர் எடுத்தாண்டிருந்தார். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. ஆரோக்கியசாமியை ஆணாகவே நினைத்து 'ஹி' என்று எழுதியிருந்தார். பக்கத்து அறையில் தினமும் பார்க்கிற பெண்ணின் ஆய்வு என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்கா தாள்களை எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"சார், இந்த ஆரோக்கியசாமி நான்தான்."

"அப்படியா? நல்ல வொர்க்கும்மா அது. சொல்லவே இல்லையே."

"இப்ப சொல்றேன் சார். பிலோமினான்னு போட்டுடுங்க."

"அச்சுல எப்படி இருக்கோ அப்படித்தான் போடணும். எங்களுக்கே நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

விதி அப்படித்தான். அது அக்காவுக்குத் தெரியும். "ஆம்பளன்னு எழுதியிருக்கிறதயாவது மாத்துங்க சார்" என்றார்.

"பாக்கலாம். மொதல்ல லிஸ்ட முடிச்சிக் குடுங்க. நாளைக்கு அனுப்பணும்."

அக்கா தாள்களை மேசைமேல் வைத்தார். "இத நீங்களே முடிச்சிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அந்தக் கட்டுரை வெளிவந்தபோது ஆரோக்கியசாமி ஆணாகவே இருந்தார். அடுத்த கல்வியாண்டில் கால அட்டவணையில் அக்காவின் பெயர் இல்லை. மாணவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். அதே மாதத்தில் புதிதாக ஒருவர் வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தார். கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்கும் வேலையும் அங்கே உண்டு. எழுதுவது நின்றுபோனது. மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும், செமஸ்டர் முடியட்டும், லீவு தர மாட்டார்கள் என்று தள்ளிப்போட்டார். புதுச்சேரி மருத்துவமனைக்குப் போனபோது காலம் கடந்திருந்தது.

அங்கேதான் கடைசியாகப் பார்த்தேன். "நான் எழுதினது மூணு கட்டுர கலா. ஒண்ணு அப்பா பேர்ல போயிடுச்சு. ஒண்ணுல கைடு பேரு மொதல்ல. மூணாவது வந்த பத்திரிகையே நின்னுபோச்சு" என்றார். உடம்பு தேறட்டும் அக்கா, எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போடலாம் என்றேன். "ஆறுதல் சொல்லாத. போயி எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வா" என்றார்.

மேல்பட்டாம்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குத் துறைத்தலைவரும் வந்திருந்தார். பெரிய மாலை கொண்டுவந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எங்கள் துறைக்கே தூண் மாதிரி. எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் ரெபரன்ஸைச் சுத்தமாகச் சரிசெய்து கொடுத்துவிடுவார்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒன்றும் அறியாத சேவியர் அவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். பெட்டிக்கு முன்னால் வைத்து நான் என்ன பேச முடியும்?

கூட்டத்தின் கடைசியில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். புடவைமேல் ஆண்சட்டை, தலையில் துண்டு. கரும்பு வெட்டிலிருந்து நேராக டிராக்டரில் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவரான அஞ்சலை என்னிடம் வந்து, "நீ கூட வேல பாத்த பொண்ணாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எங்ககூட வந்து கரும்புக் கட்டு கட்டுச்சும்மா அது. கரும்பு சோலை எல அறுத்து கையெல்லாம் ரத்தம். வேணாம்னா கேக்கல. எங்களப் பத்தி எழுதப்போறேன்னுச்சு. எழுதிச்சா?"

"எழுதிட்டாங்க."

"என்னான்னு?"

"வெட்டுற கரும்புல பாதி நீங்க வெட்டுறதுன்னு எழுதியிருக்காங்க."

"பாதியா? பாதிக்கு மேலயே இருக்கும்" என்றார் அஞ்சலை. பிறகு குழியருகே போய்க் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

அமைதியாக உறங்குங்கள் என்று எழுதி முடிக்க வேண்டிய இடம் இது. எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு நியாயம் நடக்கவில்லை, அக்கா. அது தெரிந்தேதான் உங்களை அங்கே விட்டுவிட்டு வந்தோம்.