கீரைக்கு வந்த நிவாரணம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இது என் இரண்டாவது சாட்சி. முதலாவதைச் சொல்லி உங்களையும் அழவைத்தேன். அதைத் திருத்தத்தான் இப்போது எழுதுகிறேன்.

2020, முதல் ஊரடங்கு. நான் நகைச்சுவைத் துணுக்கு எழுதிப் பிழைத்த பத்திரிகை நின்றுபோனது. வயது ஐம்பது. பீரோ நிறையப் புத்தகம். அரிசி டப்பாவில் அடி தெரிந்தது. என் மனைவி ஸ்டெல்லா வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தபோது உடைந்துபோனேன். இரும்புலியூர் வீட்டில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, ஒரு வழி திறவும்" என்று கதறினேன். அந்த அழுகை உண்மை.

மணிமங்கலம் பக்கம் அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கர் நிலம் உண்டு. அதில் ரூபி அக்கா கீரை போடுகிறார். நம் சபையில் கடைசி வரிசையில் உட்காருவாரே, அவர்தான். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சு. பயிர் அவருடையது, பட்டா என்னுடையது. முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது.

ஜூன் மாதம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"மார்க்கெட்டு மூடிட்டதுல கீரையெல்லாம் அழுகிப் பூடுச்சு சார். வெவசாயிங்களுக்கு கவர்மென்ட்டு இன்னாவோ நிவாரணம் குடுக்குதாமே. நான்தான் பயிர் வெக்கிறேன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா கெடைக்கும்னாங்க. வெதைக்கே காசு இல்ல. இல்லாங்காட்டி நெலத்த வுட்டுட்டு அபார்ட்மென்ட்டுல பெருக்கத்தான் போவணும்."

பயிர் வைக்கிறவருக்கு எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும். நிலம் வைத்திருக்கும் எங்கள் குடும்பங்களில் ஞானஸ்நானத்துக்கு முன்பே சொல்லித்தரும் பாடம் இது.

"ஜெபம் பண்ணிச் சொல்றேன் அக்கா" என்றேன். பண்ணவில்லை. அதே வாரம் பட்டாவோடு நானே போய் விண்ணப்பித்தேன். என்ன பயிர் என்று கேட்டார்கள். கூசாமல் "கீரை" என்றேன்.

பணம் வந்தது. செப்டம்பரில் ஆலயம் திறந்ததும் மைக்கைப் பிடித்தேன். காகத்தின் வாயில் அப்பம் கொடுத்தனுப்பும் தேவன், அரசு நிவாரணத்தை அனுப்பி என்னையும் போஷித்தார் என்றேன். எல்லாரையும்விடச் சத்தமாக "ஸ்தோத்திரம்!" சொன்னது கடைசி வரிசை.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது ரூபி அக்கா வந்தார்.

"எப்ப சார் ஜெபம் பண்ணீங்க?"

"ஜூன்ல."

"நானும் அப்பதான் பண்ணிகினு இருந்தேன், நம்ம கீரைக்கு ஒரு வழி காட்டுப்பான்னு. காட்டிட்டாரு பாருங்க. ஸ்டெல்லாம்மா நல்லா கீறாங்களா?"

அது கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் பதிலுக்கு ஒன்றைச் சொல்லித் தப்பித்திருப்பேன். என் பிழைப்பே அதுதானே.

"நாளைலேர்ந்து அபார்ட்மென்ட்டு வேலைக்குப் போறேன் சார். நெலத்த பாத்துக்கோங்க."

அப்போதுதான் உறைத்தது. அப்பம் எனக்கு வந்ததல்ல. அதை அவரிடம் கொண்டுபோக வேண்டிய காகம் நான். வழியிலேயே தின்றுவிட்டேன்.

மதியம் ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொல்லிவிட்டு மறுபடி முழங்காலிட்டேன். இம்முறை கேட்டது, ஒரு கையெழுத்துப் போடும் தைரியம். வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து கேட்டது.

"முழங்கால் தேஞ்சது போதும். எழுந்து பேனாவ எடுங்க."

எடுத்தேன். திங்கள் காலை ரூபி அக்கா பஸ் ஏறுமுன் போய் நின்றேன். கையில் குத்தகைக் கடிதம், மிச்சமிருந்த பணம். செலவழித்துவிட்ட பணத்துக்கு ஈடாக ஸ்டெல்லா அந்த வளையலைக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"அக்கா, நான் சொன்னது பொய்ச் சாட்சி."

"அது அப்பவே தெரியும் சார். நீங்களே வந்து சொல்லணும்னுதான் ஜெபம் பண்ணிகினு இருந்தேன்." பஸ் வந்தது. ஏறவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வளையலை என் சட்டைப் பையில் போட்டார். "வெதைக்கு இது போதும்."

இன்று அந்த நிலத்தில் கீரை நிற்கிறது. சனிக்கிழமைகளில் களை பிடுங்கப் போகிறேன். இதுவரை பிடுங்கியதில் பாதி கீரை.

ஆக, கேட்கப்பட்ட ஜெபங்கள் ரூபி அக்காவுடையவை. அவற்றில் ஒன்றுக்கான பதிலாக நான் போய் நின்றேன். மூன்று மாதம் தாமதமாக. அதற்கே கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, நம்பி ஜெபியுங்கள். பதில் வரும். வந்ததும் மைக்கைத் தேடுமுன், கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.