கைப்பம்பின் மூன்றாவது வாஷர்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு நின்றுவிட்டவன் நான். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெரியப்பா மெட்ராஸில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் லேத் ஓட்டி, ரிட்டயராகிச் செஞ்சிக்குத் திரும்பியவர். வந்த பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் ஸ்டவ், சைக்கிள், தையல் மிஷின் எது நின்றாலும் அவரிடம்தான் வரும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அந்தச் சித்திரையில் தெருவின் கைப்பம்பு வெறும் காற்றை இறைத்தது. அதை விட்டால் கோட்டை மலை அடிவாரத்துக் கிணறுதான். பெரியப்பா நாலு ஆட்களை வைத்துக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார். உள்ளே ஏறி இறங்கித் தண்ணீரை இழுக்கிற வாஷர் தேய்ந்து போயிருந்தது. செருப்பு தைக்கிறவரிடம் ஓடித் தோல் வாங்கி வந்தது நான். அதைக் கடலை எண்ணெயில் ஊறவைத்து, கிண்ணம் போல வளைத்துப் போட்டார். தண்ணீர் கொட்டியது.

அந்தப் பெருமையை நயினார் வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் ஜைனர்கள், மேல்சித்தாமூரிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருந்தவர்கள். தண்ணீரில் ஒரு புழுவும் சாகக் கூடாதென்று குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடித்துத்தான் அந்த அம்மா தண்ணீர் பிடிப்பார்.

"இன்னாடா சொல்ற? தோலா?"

"ஆமா அத்தே, மாட்டுத் தோலு. நான்தான் வாங்கியாந்தேன்."

அவர் நிரம்பிய குடத்தைச் செடிக்குச் சாய்த்தார். மறுநாளிலிருந்து மூட்டு வலியோடு இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு நடந்தார்.

விஷயம் பெரியப்பா காதுக்கு வந்தது. உடனே பம்பைப் பிரிக்க ஆள் கூப்பிட்டார்.

"இன்னாண்ணா, நல்லா ஓடுற பம்ப போய் பிரிக்கிற? வெயில்ல மூளை கலங்கிடுச்சா?" என்றார் பெரியப்பாவின் தம்பியான என் நைனா. "ஒரு வூட்டுக்காக தெருவையே காயப் போடுவியா?"

"அந்த ஒரு வூடும் தெருவுலதான்டா இருக்குது. பேசாம கயித்தப் புடி."

தோலை எடுத்துவிட்டு லாரி டியூப் ரப்பரில் ஒரு வாஷர் வெட்டிப் போட்டார். இரண்டே நாளில் அது உள்ளே புரண்டுகொண்டது. மறுபடியும் பம்பு நின்றது.

"ரிட்டயர்டு ஆனவருக்கு பொழுது போவணுமில்ல, அதுக்கு நாம நடக்கிறோம்," என்று குடத்தோடு போன பெண்கள் அவர் காதில் விழும்படியே சொன்னார்கள்.

பெரியப்பா கடலை மில்லில் மிஷின் ஓட்டுகிற பழைய பெல்ட் ஒன்றை, தோல் இல்லாத, துணி வைத்த ரப்பர் பெல்ட்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பட்டறையில் லேத் முன் தானே நின்று ஓர் இரும்பு அச்சு கடைந்தார். பெல்ட்டை வெட்டி, வெந்நீரில் போட்டு, அச்சில் வைத்து அழுத்தினார். கிழிந்தது. இன்னொன்று வெட்டினார், அதுவும் கிழிந்தது. அடுத்தது கிழியாமல் நின்றது.

பம்பு ஓடியதும் நயினார் வீட்டு அம்மாவைத்தான் முதலில் பிடிக்கச் சொன்னார். அவர் துணி கட்டிப் பிடித்து, அங்கேயே ஒரு சொம்பு குடித்தார்.

எனக்குத்தான் ஆறவில்லை. முதன்முதலில் பம்பிலிருந்து எடுத்த தேய்ந்த வாஷரும் தோல்தான். அந்த அம்மா வருஷக்கணக்காகக் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

"அத அப்பவே சொல்லியிருந்தா இவ்ளோ வேலையே இல்லியே பெரியப்பா?" என்றேன்.

அவர் என் காதைப் பிடித்துத் திருகினார். "அந்தம்மா உசுரோட இருக்கிற வரிக்கும் இத யார்கிட்டயாவது சொன்ன, தோல உரிச்சிடுவேன்."

ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஒரு மனிதர் ஏன் தெருவிடம் அத்தனை பேச்சு வாங்க வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அந்த அம்மா போன மாதம் தவறிவிட்டார். அதனால் இப்போது எழுதினேன். ஐப்பசி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.