வேன் வராத காலேஜ்

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பன்னிரண்டாவது முடித்தால், எந்தக் காலேஜ் என்று கேட்பதற்கு முன்னால் எந்த வேன் என்றுதான் கேட்பார்கள். தெருமுனைக்கு வேன் வந்தால் அது நல்ல காலேஜ்.

செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்கள் தங்குகிற வாடகை அறைகளைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாவதோடு நின்றவள் நான். மிச்சமெல்லாம் வந்து போகிறவர்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான். யார் எதைச் சொன்னாலும் மனசில் ஒட்டிக்கொள்ளும். அந்த மே மாசம் ஒட்டிக்கொண்டதெல்லாம் என் மகளின் காலேஜ் பேச்சு.

அவளுக்கு ஜியாலஜி வேண்டும். கல்லையும் மண்ணையும் படிக்கிற படிப்பு. அதில் எம்.எஸ்சி. வரைக்கும் போய், ஆராய்ச்சி செய்ய வேண்டும். இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வேலை செய்தவர். பூமிக்கடியிலிருந்து ஏறி வருகிற கல் தூளைப் பொட்டலம் கட்டி மகளுக்குக் கொண்டுவருவார். மற்ற வீட்டில் அப்பா மிட்டாய் வாங்கி வந்தால், எங்கள் வீட்டில் மண்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது, குளிக்க வைப்பது, எல்லாம் நானும் அவளுமாகத்தான். ஒருத்தியால் ஆகாது.

வேன் வருகிற காலேஜில் கெமிஸ்ட்ரி இருந்தது. ஜியாலஜி இருந்ததோ பஸ்ஸில் அரை நாள் போகிற ஊரில். ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த என் அண்ணன், வந்த வேகத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"டிகிரின்னா டிகிரிதாம்மா. இங்க கெமிஸ்ட்ரி படிக்கட்டும். வேன்காரன்கிட்ட சீட்டுகூட சொல்லி வெச்சிட்டேன். எம்.எஸ்சி. வர்றப்ப கல்லோ மண்ணோ, அவ இஷ்டம்."

"அப்ப வாசல்லயே நிறுத்திடுவாங்க மாமா," என்றாள் மகள். "நான் விசாரிச்ச எடத்துலல்லாம் எம்.எஸ்சி. ஜியாலஜிக்கு பி.எஸ்சி.யும் ஜியாலஜிதான் கேக்கறாங்க. பின்னாடி தெரு அக்கா கெமிஸ்ட்ரி முடிச்சிட்டுப் போய்க் கேட்டுட்டு, திரும்பி வந்துட்டாங்க."

"இன்னும் காலேஜையே மிதிக்கல, அதுக்குள்ள எம்.எஸ்சி.யா? கல்யாணத்துக்கு முன்னாடியே தொட்டில் கட்டறாப்புல இருக்குது."

"கட்டறதுன்னா முன்னாடியே உத்தரம் தாங்குமான்னு பாக்கணும் இல்ல மாமா?"

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. அவள் போய்விட்டால் இவரை யார் தூக்குவது என்றும் தெரியவில்லை.

இப்படி இரண்டு பக்கமும் இழுக்கும்போது எங்கள் பக்கத்தில் பூப் போட்டுப் பார்ப்போம். செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் ஜியாலஜி, வெள்ளை வந்தால் கெமிஸ்ட்ரி என்று வைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் போனோம். சாமி முன்னால் வைத்துவிட்டு, கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது.

"சரிம்மா. வேனுக்கு எத்தன மணிக்கு நிக்கணும்னு மாமாவக் கேளு," என்றாள் மகள். ரோட்டோரத்தில் வெட்டிய பாறை தெரிந்தாலே தலையைத் திருப்பிப் பார்க்கிறவள், அன்றைக்கு ஆட்டோவில் குனிந்தே வந்தாள். எனக்கு மூச்சு லேசானது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த லேசு போய்விட்டது.

வீட்டில் அவரிடம் சொன்னேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டும்.

"பூப் போட்டுப் பார்த்து எத்தன போர் போட்டிருக்கோம்," என்றார். "பூ வந்த எடத்துலயும் பொகதான் வந்துச்சு."

தண்ணீர் இல்லாத குழியிலிருந்து தூசு புகையாகக் கிளம்பும். அதைச் சொன்னார்.

"சாமி காரியத்த அப்படிப் பேசாதீங்க."

"சாமிகிட்ட நீ இன்னா கேட்ட? எந்தக் காலேஜ்னு கேட்டியா, இவர யாரு தூக்கறதுன்னு கேட்டியா?"

மகள்தான் முன்னால் வந்தாள். "நான் இங்கியே இருக்கறேம்பா. கெமிஸ்ட்ரியும் நல்ல படிப்புதான்."

"நல்ல படிப்புதான். வேணும்ன்றவங்களுக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "மூணு வருஷம் கழிச்சி அந்த வாசல்ல உன்ன நிறுத்துனா, நீ என்னத்தான் நெனப்ப. அந்த பாரம் எனக்கு வேணாம்மா."

கவுன்சிலிங்கில் அவள் ஜியாலஜி எடுத்தாள். அண்ணன் வேன்காரனிடம் சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரெண்டு மாசம் எங்களோடு பேசவில்லை.

எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி, "காலையும் சாயந்தரமும் ஒரு கை புடிக்கறேன்க்கா," என்று தானாகவே சொன்னார். சொன்னபடி வந்தார். மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு முதல் பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ அத்தியந்தல் பக்கமே மாட்டிக்கொண்டது. வர நேரமாகும் என்று போன் செய்தார். நானே தூக்கிப் பார்த்தேன். பாதியில் என் முட்டி மடங்கிவிட்டது. அவரை விடாமல் மெதுவாகத் தரையில் இறக்கி, பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். அடி எதுவும் இல்லை. வெளியே ஜனங்கள் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மகள் போன் செய்தாள். "அப்பாவ சேர்ல உக்கார வெச்சாச்சா?"

ஆச்சு என்று சொல்லும்படி அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஆச்சிடி," என்றேன். "சாப்பிட்டியா?"

பாறையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினாள். பாதி எனக்குப் புரியவில்லை. போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் அவர் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், தம்பி வருகிற வரைக்கும், தரையிலேயே இருந்தோம்.