தலைமாட்டில் நாலு எட்டு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கல்லில் எழுத்தைப் பார்த்துவிட்டால் நின்று படிக்காமல் நகர மாட்டேன். கோயில் படிக்கட்டில் உபயதாரர் பெயர், பாலத்தில் திறப்பு விழாக் கல், எதுவானாலும் சரி. சேலத்தில் இருக்கும் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டத்தை பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைய ஒரு சாக்கு கிடைக்கவில்லை. போன வருஷம் அம்மாவே அதைக் கொடுத்தாள்.

அப்பாவை வாழப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் மரவள்ளிக் காட்டு ஓரத்திலேயே அடக்கம் செய்தோம். ஆண்கள் போய்ப் பால் தெளித்துவிட்டுத் திரும்பிய அன்று அம்மா என்னிடம் சொன்னாள்.

"உங்கப்பனுக்கு எல்லாம் செஞ்சாச்சு. பெரியவனுக்குத்தான் யாரும் பால் ஊத்தல."

பெரியவன் என்றால் எனக்கு முன்னால் பிறந்து, ஒன்பதாம் நாள் இறந்துபோன என் அண்ணன். சேலத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அன்றைக்கு அடைமழை. இறந்த குழந்தையை எந்த பஸ்ஸிலும் ஏற்றவில்லை. கல்லறைத் தோட்டத்தைக் காவல் காத்தவர் மனமிரங்கி இடம் கொடுத்திருக்கிறார். அப்பா புதைத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னது ஒரே வரி: "பெரிய தொரை சமாதி தலமாட்டுல, நாலு எட்டு." அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அம்மா அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"முட்டி மடங்கற வரைக்குந்தான் நடக்க முடியும். அதுக்குள்ள ஒருக்கா எனக்கு அந்த எடத்தக் காட்டிடு" என்றாள்.

முதலில் நான் மட்டும் போனேன். போன காரியத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கல் கல்லாகப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரயில் பாதை போட வந்து காலராவில் போன எஞ்சினியர் ஒருவர். தமிழ் படித்துப் பள்ளிக்கூடம் வைத்த பாதிரியார் ஒருவர். ஒரு கேப்டனின் நற்குணங்கள் பதினோரு வரிக்கு நீண்டன. பக்கத்தில் அவர் மனைவிக்கு, 'மேற்படியாரின் மனைவி' என்கிற மாதிரி ஒரே வரி. யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் நகர்ந்தேன்.

பெரிய துரையைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஜில்லாவையே ஆண்ட கலெக்டர். இடுப்பு உயர மேடை, மேலே ஒரு முழுப் பலகைக் கல். கிழக்கு மேற்காகப் படுத்திருந்தார். எழுத்து மேற்கில் தொடங்கியது, ஆகவே தலை மேற்கே. படித்தவள் என்கிற தெம்பில் மேற்குப் பக்கம் நாலு எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டிலேயே காம்பவுண்டு சுவர் இடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். ரோட்டை அகலப்படுத்தியபோது சுவரை உள்ளே தள்ளிக் கட்டியதாக, இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சொன்னார்.

என் அண்ணன்மேல் வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஏதாவது ஒரு மரத்தடியைக் காட்டிப் பொய் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். முகத்தைப் பார்த்து அந்த அம்மாள் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"உங்கப்பா இங்கிலீசு படிச்சவராக்கா?"

"கையெழுத்து மட்டும் போடுவார்."

"அப்ப அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் மேக்கால தலை வைக்கறது. ஆண்டவர் வர்றப்ப கெழக்க பாத்து எந்திரிக்கணும்னு."

எங்கள் வீட்டில் பாய் விரித்தால் தலை கிழக்கே, இல்லாவிட்டால் தெற்கே. கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஒரு ஆளைப் பார்த்தால், கிழக்கைத் தவிர வேறு எதை அப்பா தலைமாடு என்று சொல்லியிருப்பார்? கலெக்டரின் காலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அப்பாவைப் போல எட்டிக் கால் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நெருக்கியடித்துக் கிடந்த கல்லறைகளுக்கு நடுவே, வேப்ப நிழலில், இரண்டு முழத்துக்குக் கல் எதுவும் இல்லாத மண். எத்தனையோ கல்லைப் படித்த எனக்கு, ஒன்றுமே எழுதாத அந்த இடத்தைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை அழைத்துப் போனேன். சொம்பில் பால் கொண்டுவந்திருந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மண்ணின்மேல் கிடந்த சருகையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவனுக்குத் தலை எந்தப் பக்கம்?"

அப்பா நம் வழக்கப்படி தெற்கே வைத்தாரா, காவல்காரர் சொன்னபடி மேற்கே வைத்தாரா? அது யாருக்குத் தெரியும்? தெரியவில்லை என்று சொன்னேன்.

அம்மா தன் வலது கையை மண்மேல் கிடத்தி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பார்த்தாள்.

"இத்தன நீளந்தான் இருந்தான். நடுவுல ஊத்துனா தலைக்கும் போயிடும், காலுக்கும் போயிடும்."

சொம்பைச் சாய்த்தாள். பால் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. முட்டி வலிக்குமே, சீக்கிரம் ஊற்று என்றேன்.

"மெதுவாத்தான் ஊத்தணும்" என்றாள். "பசும்பால் அவனுக்குப் பழக்கமில்ல."